வண்டி அலுமினியம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பெயின்ட்டோ குரோமியமோ பூசாத வெறும் அலுமினியத்தை வண்டிகளில் பல இடங்களில் பார்க்கலாம். திருவொற்றியூரில் தயாரான பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டின் இருபக்க மூடிகள், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்பின் தளத்தில் அடித்த செக்கர் பிளேட், பால் வண்டியில் தொங்கும் கேன் ஆகியவை அவற்றுள் சில. தேனி, போடி, சின்னமனூர், கம்பம், கூடலூர் என்று பள்ளத்தாக்கு நெடுக, ஆயுத பூசை நெருங்கும்போது இவற்றைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலை மும்முரமாகிவிடும். அந்த வேலையில் கடைப்பிடிக்கும் வழக்கங்களில் பல பித்தளைக்கும் இரும்புக்கும் உரியவை. அவ்விரண்டும் தமிழ் வீடுகளில் பல நூற்றாண்டுகளாகப் புழங்கியவை. அலுமினியம் பிந்தி வந்தது. சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கிய ஆண்டு 1898. புளியும் சாம்பலும் பித்தளைக்குப் பழகிய கை, உப்புத்தாளும் எண்ணெயும் இரும்புக்குப் பழகிய கை, அதே பொருள்களோடு அலுமினியத்திடம் வருகிறது. இதன் குணமோ வேறு.

அலுமினியம் துருப்பிடிக்காது, ஆகவே அதற்கு ஒன்றும் ஆகாது என்பது முதல் நம்பிக்கை. இதில் முன்பாதி சரி, பின்பாதி தவறு. தேய்த்துப் புதிதாக்கிய அலுமினியத்தின் மேல், காற்றுப் பட்ட கணத்திலேயே ஆக்சைடு படலம் உருவாகிவிடுகிறது. அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். இரும்பின் துரு பொருக்காக உதிர்ந்து அடியில் உள்ள இரும்பையும் காற்றுக்குத் திறந்துவிடும். அலுமினியத்தின் படலம் இறுகப் பற்றிக்கொண்டு மேலும் அரிப்பு நடக்காமல் தடுக்கும். ஏறக்குறைய பி.எச். 4 முதல் 9 வரை அது கரையாமல் நிற்கும். அதைவிடக் கடுமையான அமிலத்திலும் காரத்திலும் கரைந்துபோகும். ஆகவே பளபளப்புக் குறைந்து சாம்பல் நிறமாக மங்கிய மூடி கெட்டுப்போன மூடி அன்று. உலோகம் தன்னைக் காத்துக்கொண்டு நிற்கும் நிலை அது. வெள்ளைப் பொடி கிளம்புவதும் ஊசிக்குத்துப் போன்ற குழிகள் விழுவதும்தான் கவலைப்பட வேண்டிய அறிகுறிகள்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் அரிப்பும் ஆகாது. ஆழ்துளைக் கிணற்று நீரில் கழுவித் துடைக்காமல் விட்டால் சுண்ணக் கறை வெள்ளைப் புள்ளிகளாகக் காயும். ஒரு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டால் சுண்ணக் கறை நுரைத்துக் கரையும். அரிப்பினால் வந்த பொடி அப்படி நுரைக்காது.

கடல் இல்லாத ஊரில் அலுமினியம் அரிக்காது என்ற எண்ணமும் பரவலாக உண்டு. உப்புக்காற்று மேகமலை அடிவாரத்துக்கு வருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அரிக்கும் குளோரைடு இங்கே உரமூட்டையில் வருகிறது. வாழைக்கு இடும் பொட்டாஷில் பெரும்பகுதி பொட்டாசியம் குளோரைடு. மொபெட்டில் மூட்டை ஏற்றிச் செல்லும்போது சிந்திய பொடி எஞ்சின் இடுக்குகளில் தங்கி, மழை ஈரம் பட்டதும் கரைந்து, ஆக்சைடு படலத்தை ஆங்காங்கே துளைத்துக் குழி பறிக்கிறது. பனி பெய்யும் நாடுகளில் சாலையில் தூவும் உப்பு வாகனங்களின் அலுமினியத்தைக் கெடுப்பதும், டிரெய்லரில் ஏற்றிச் செல்லும், பனிமேல் ஓட்டும் ஸ்னோமொபைல் வண்டியின் வெறும் அலுமினிய உடல் வெள்ளை பூப்பதும் இதே குளோரைடால்தான்.

பொட்டாஷைவிடக் கொடியது மயில்துத்தம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் பந்தல்களில் அடிச்சாம்பல் நோய்க்கும், மலைமேல் ஏலத்தில் அழுகல் நோய்க்கும் போர்டோ கலவை தெளிக்கிறார்கள். 100 லிட்டர் நீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு என்பது ஒரு சதவீதக் கலவையின் கணக்கு. சுண்ணாம்பு போதுமா என்று பார்க்க அரிவாள் முனையைக் கலவையில் நனைப்பது பழைய வழக்கம். முனையில் செம்பு நிறம் ஏறினால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அந்த அரிவாளுக்கு நேர்வதேதான் அலுமினியத்துக்கும் நேர்கிறது, இன்னும் தீவிரமாக. கரைசலில் உள்ள மயில்துத்தத்தின் தாமிரம் உலோகமாகப் படிந்து, படிந்த இடத்தைச் சுற்றிலும் ஒரு சிறிய மின்கலம் உண்டாகி அலுமினியம் கரைகிறது. சுண்ணாம்பு சேர்ந்து நன்கு கலந்த பிறகு தாமிரம் பெரும்பாலும் கரையாத நிலைக்குப் போய்விடும். ஆனால் சுண்ணாம்பின் காரமே படலத்தைத் தாக்கக் கூடியது. போர்டோ கலவையை மண், மரம், பிளாஸ்டிக் பாத்திரங்களில் தயாரிக்கச் சொல்வது இதனால்தான். தெளிப்பானை ஏற்றி வந்த வண்டியில் நீலக் கறை இருந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். எந்த பாலிஷையும்விட அந்தக் கழுவல் பெரிய காப்பு.

ஆசிட் விட்டால் புத்தம் புதிதாகும் என்ற நம்பிக்கைதான் மிகுதியான கேடு செய்வது. கழிப்பறைக்கு ஊற்றும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் படலத்தைக் கரைத்து, அடியில் உள்ள உலோகத்தையும் தின்று, ஹைட்ரஜன் குமிழிகளை விடும். அப்போது தெரியும் வெண்மை பளபளப்பு அல்ல, மேற்பரப்பு சொரசொரப்பாக அரிபட்ட நிறம். வார்ப்பின் நுண்துளைகளில் தங்கும் குளோரைடு பிறகும் வேலை செய்துகொண்டே இருக்கும். அலுமினியத்தை வெளுப்பாக்க விற்கும் சில திரவங்களில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமோ அதை உண்டாக்கும் ஃப்ளூரைடு உப்போ இருக்கும். இது மனித உடலுக்கு மிக ஆபத்தானது. நீர்த்த நிலையில் தோலில் பட்டால் உடனே எரியாமல், சில மணி நேரம் கழித்துக் கடும் வலி தொடங்கும். அதற்குள் அது சதைக்குள் இறங்கி உடலின் கால்சியத்தைப் பிணைத்துவிடும். பட்ட இடத்தை உடனே ஓடும் நீரில் கழுவிவிட்டு, வலி இல்லையென்றாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கால்சியம் குளுகோனேட் கொண்டு செய்யும் சிகிச்சை அதற்கு உண்டு. வெறுங்கையோடும் வெறுங்காலோடும் இந்தத் திரவத்தைக் கையாளும்படி எந்தத் தொழிலாளியையும் விடக்கூடாது.

அமிலம் ஆகாது என்று சாம்பலுக்கும் சலவை சோடாவுக்கும் மாறுவதும் சரியன்று. இரண்டும் காரம், அலுமினியத்தைக் கறுக்கச் செய்யும். கிரீஸ் நீக்க காஸ்டிக் சோடா கலந்த நீரை அடித்த எஞ்சின் மூடி கன்னங்கரேலென்று ஆவது இதன் கடுமையான வடிவம். புளி, எலுமிச்சை விஷயத்தில் மட்டும் பழைய வழக்கம் ஓரளவு பலிக்கிறது. அவற்றின் மென்மையான அமிலம் கறுப்பை நீக்கும். ஆனால் கூடவே கல்லுப்பு சேர்க்கக்கூடாது, ஊறவிடாமல் கழுவிவிட வேண்டும், எஞ்சின் சூடாக இருக்கும்போது பூசக்கூடாது. பற்பசையும் வேலை செய்யும். அதில் உள்ளது மென்மையான தேய்ப்புப் பொடி. அன்றாடக் கழுவலுக்கு மிதமான ஷாம்பும் மெல்லிய துணியும் போதும்.

துணி கறுப்பது நிற்கும்வரை தேய்க்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். அந்தக் கறுப்பை அழுக்கு என்று எண்ணுவதால் வரும் தவறு இது. பாலிஷ் போட்ட துணியில் ஏறும் கறுப்பு, நுண்துகளாகப் பெயர்ந்த அலுமினியமும் அதன் ஆக்சைடும் கலந்தது. வெறும் அலுமினியம் இருக்கும்வரை துணி கறுத்துக்கொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு பாலிஷும் மேல்தோலைச் சிறிது சீவி எடுப்பதுதான். எஞ்சின் மூடியில் வார்த்த எழுத்துகள் வருடக்கணக்கான தேய்ப்பில் மழுங்குவதற்குக் காரணம் இதுவே. இந்தக் கறுப்பினால் ஒரு பயனும் உண்டு. மறைவான மூலையில் சிறிது பாலிஷ் வைத்துத் தேய்த்துத் துணி கறுக்கவில்லை என்றால், அந்தப் பாகத்தின் மேல் நிறமற்ற லாக்கரோ மின்முறையில் தடிப்பாக்கிய ஆக்சைடு பூச்சோ இருக்கிறது என்று பொருள். அலாய் வீல்கள் பெரும்பாலும் இந்த வகை. அவற்றுக்கு பாலிஷ் தேவையே இல்லை. தேய்த்தால் பூச்சுதான் போகும்.

விடாமல் தேய்த்தால் எந்த மூடியும் குரோமியம் போல் ஆகும் என்பதும் நடக்காது. எஞ்சின் மூடிகள் வார்ப்பு உலோகம். அதில் சிலிக்கான் கணிசமாகக் கலந்திருக்கும். தகட்டில் வரும் கண்ணாடிப் பளபளப்பு அதில் வராது, சற்றே சாம்பல் சாயல் நிற்கும். கீறல் இருந்தால் 400இல் தொடங்கி 800, 1200, 2000 என்று வாட்டர் பேப்பரை நீரில் நனைத்து, ஒவ்வொரு எண்ணிலும் திசையை மாற்றித் தேய்த்த பிறகே பஃபிங் செய்ய வேண்டும். இடையில் ஓர் எண்ணைத் தாண்டிப் போனால் பழைய கீறல் பளபளப்புக்கு அடியில் அப்படியே தெரியும். இரும்பு நார் ஆகாது. அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து துருப்புள்ளி ஆகும். இரும்பைச் சாணை பிடித்த இடத்திலேயே, அந்தத் தூசியைக் கூட்டாமல், அலுமினியத்தை பஃபிங் செய்வதும் கூடாது. அலுமினியத் தூசி எளிதில் தீப்பற்றும். இரும்புத் துருவோடு கலந்து பொறி பட்டால் அந்தத் தீ மிகக் கடுமையாக எரியும்.

தேய்த்து முடித்ததும் டீசலோ பழைய எஞ்சின் ஆயிலோ தடவினால் காப்பாகும் என்பது இரும்பிலிருந்து வந்த பழக்கம். அன்றைக்கு மின்னும், மறுநாள் புழுதி ஒட்டும், ரப்பர் புஷ்களும் ஊறிக் கெடும். மெழுகு பாலிஷ் நல்லது, ஆனால் எஞ்சின் சூட்டில் நீடிக்காது, அவ்வப்போது பூச வேண்டும். லாக்கர் நெடுநாள் நிற்கும்; அதில் கல் பட்டுக் கீறிய இடத்தில் ஈரம் புகுந்தால் அடியில் நூல்நூலாக வெள்ளை அரிப்பு பரவும், அப்போது முழுவதையும் நீக்கித்தான் மறுபடி அடிக்க வேண்டும். ஜீப் தளத்தின் தகட்டில் இரும்பு போல்ட் இறங்கும் துளைகளிலும் தென்மேற்குப் பருவ ஈரம் தங்கி, இரும்பும் அலுமினியமும் தொடும் இடத்தில் அலுமினியம்தான் முதலில் கரையும். மழைக்கு முன் போல்ட்டைக் கழற்றி, கிரீஸ் தடவி, ரப்பர் வாஷரோடு முடுக்கினால் அந்தத் தொடர்பு அறுபடும்.