அகல மட்காட் காருக்குச் சில்லும் ஸ்பேசரும்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மே மாதம் பிறந்தால் மொன்றியலில் கராஜ் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். பனிக்காலம் முழுக்கத் துணி போர்த்திக் கிடந்த கார்கள் வெளியே வரும். கெய் மியூராவின் றொக்கற் பன்னி, வற்றாரு கற்றோவின் லிபர்ட்டி வோக், அக்கிரா நக்காயின் ஆர்டபிள்யூபி என்று ஜப்பான்காரரின் அகல மட்காட் வேலைகளைப் பார்த்து வளர்ந்த நம் பெடியளுக்கு, தங்கள் காரையும் அப்படிச் செய்ய ஆசை வருவது இயல்பு. நல்ல ஆசைதான். மட்காட்டைப் பூட்டிவிட்டு, "சில்லு உள்ளுக்குப் போய்த் தெரியுது, ஒரு ஸ்பேசர் போட்டால் சரி" என்று சொல்லும் இடத்தில்தான் பிழை தொடங்குகிறது. ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் சில்லுக்கும் நடுவே வைக்கும் உலோகத் தகடு.

என் மருமகன் தன் ரொயோட்டா 86-ஐ அப்படித்தான் செய்தான். முதல் வருடம் பனிக்காலத்திலும் ஓட்டினான். மார்ச் கடைசியில், 40ஆம் இலக்க நெடுஞ்சாலையில் பின்பக்கம் நடுங்குகிறது என்று கொண்டுவந்தான். பின் சில்லைக் கழற்றப் போனோம். ஐந்து நட்டில் இரண்டு கையாலேயே சுழன்றன. ஸ்பேசருக்கும் ஹப்புக்கும் நடுவே கறளும் வெள்ளைத் தூளும் கட்டியாகப் பிடித்திருந்தன. ரப்பர் சுத்தியலால் பத்து நிமிடம் தட்டித்தான் ஸ்பேசரை எடுத்தோம். பூட்டிக் கொடுத்தவர்கள் ஹப்பைத் துடைக்கவே இல்லை.

அன்றிலிருந்து கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான்: வேண்டிய அகலத்தை ரிம்மிலேயே வாங்குங்கள். ஸ்பேசர் கடைசிச் சில மில்லிமீற்றரைச் சரிசெய்ய மட்டும் இருக்கட்டும்.

செய்ய வேண்டியவை

1. நான்கு மூலையையும் அளங்கள். கார் கடைசியில் எந்த உயரத்தில் நிற்கப் போகிறதோ அந்த உயரத்தில் நிறுத்துங்கள். மட்காட் விளிம்பிலிருந்து நூல்குண்டு தொங்கவிட்டு, ஹப் முகம்வரை எத்தனை மில்லிமீற்றர் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையால் பூட்டும் மட்காட் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவாக அமைவது அரிது. ரிம்முக்குக் காசு கட்டுவது இதற்குப் பிறகுதான்.

2. ஓஃப்செற் கணக்கைத் தாளில் போடுங்கள். ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் பொருந்தும் முகத்துக்கும் இடையிலான தூரமே ஓஃப்செற். ரிம்மில் 'ஈடி' என்று பொறித்திருக்கும். அந்த எண் குறையக் குறைய ரிம் வெளியே வரும். ரொயோட்டா 86-இன் அசல் ரிம் 17 அங்குலம், அகலம் 7 அங்குலம், ஈடி 48. அதை 9.5 அங்குலம், ஈடி 22 ஆக மாற்றினால் வெளி விளிம்பு சுமார் 58 மி.மீ. வெளியே போகும், உள் விளிம்பு சுமார் 6 மி.மீ. உள்ளே போகும். அதே 9.5 அங்குல அகலத்தில் ஈடி 48 ரிம்முக்கு 26 மி.மீ. ஸ்பேசர் போட்டாலும் சில்லு இதே இடத்துக்குத்தான் வரும். ஆனால் சில்லுக்குச் சில்லு இன்னும் ஐந்து நட்டுகளும், உப்புத்தண்ணீர் நுழைய இன்னொரு இடுக்கும் சேர்ந்துவிடும்.

3. நடு ஓட்டை ஹப்பில் கச்சிதமாக உட்கார வேண்டும். 86-க்கு 56.1 மி.மீ., பல ரொயோட்டாக்களுக்கு 60.1, அண்மைக்கால ஹொண்டா சிவிக்குக்கு 64.1. ரிம்மோ ஸ்பேசரோ இந்த அளவில் கடைந்ததாக இருக்கட்டும். ஓட்டை பெரிதாக இருந்தால் சில்லு நடுவில் உட்காராது, ஸ்டியரிங் நடுங்கும்.

4. ஸ்பேசர் தேவைதான் என்றால் உலோகத்தைக் கேட்டு வாங்குங்கள். 6061-டி6 அல்லது 7075-டி6 அலுமினியத்தில் கடைந்தது நல்லது. என்ன உலோகம் என்று கடைக்காரரால் சொல்ல முடியாவிட்டால் வாங்காதீர்கள்.

5. நட்டு எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணுங்கள். ஸ்டட் எவ்வளவு தடிப்போ, குறைந்தது அவ்வளவு ஆழத்துக்கு நட்டு ஏற வேண்டும். 12 மி.மீ. ஸ்டட்டில் மரை இடைவெளி 1.5 என்றால் 8 முழுச் சுற்று; 86-இல் இருப்பதுபோல் 1.25 என்றால் 10 சுற்று. மெல்லிய ஸ்பேசர் போட்டு இந்த எண்ணிக்கை குறைந்தால் நீளமான ஸ்டட் மாற்றியே ஆக வேண்டும்.

6. ரிம்மும் ரயரும் தாங்கும் பாரத்தைப் பாருங்கள். ஜப்பான் ரிம்மில் ஜேடபிள்யூஎல், விஐஏ முத்திரைகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். ரயரில் பார எண் 91 என்றால் 615 கிலோ, 94 என்றால் 670 கிலோ. அசல் ரயரின் எண்ணுக்குக் கீழே இறங்காதீர்கள்.

7. ஸ்பிரிங்கைக் கழற்றிச் சோதியுங்கள். ஜக்கால் சில்லை மேலே முழுதாக ஏற்றி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். மட்காட், சஸ்பென்ஷன், பிரேக் கலிப்பர் எதிலும் உரசக் கூடாது. வீட்டு வாசலில் நிற்கும்போது தெரியாத உரசல், குழியில் விழும்போது தெரியவரும்.

8. ஹப்பைத் துடைத்து, அளந்து இறுக்குங்கள். கம்பித் தூரிகையால் கறளை உலோகம் தெரியும்வரை தேயுங்கள். டோர்க் ரென்ச்சால், காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு, நட்சத்திர ஒழுங்கில் இறுக்குங்கள். 80 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். இரண்டு அடுக்கு நட்டு இருந்தால் உள் அடுக்கையும் மறக்காதீர்கள்.

9. காப்புறுதிக்காரரிடம் சொல்லுங்கள். 1978இலிருந்து கியூபெக்கில் உடற்காயத்துக்கு அரசு காப்புறுதி உண்டு. காருக்கும் பிறர் பொருளுக்குமான சேதத்துக்குத் தனியார் நிறுவனம்தான். மாற்றத்தை மறைத்தால் இழப்பீடு கேட்கும் நாளில் சிக்கல் வரும். வாகன மாற்றம் குறித்த அரசு விதிகளையும் மட்காட்டை வெட்டுவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

1. ஸ்பேசருக்கு மேல் ஸ்பேசர் அடுக்காதீர்கள். இரண்டு சேர்ந்தால் ஒன்றுக்கு மேல் ஒன்று நழுவ இடம் உண்டாகிறது. எந்த அளவு வேண்டுமோ அந்த அளவில் ஒன்றே ஒன்று.

2. எல்லாக் காருக்கும் பொருந்தும் ஸ்பேசரை வாங்காதீர்கள். 5×100, 5×114.3 என்ற இரண்டு ஸ்டட் அமைப்புகளுக்கும் சேர்த்து நீள்ஓட்டை போட்ட மெல்லிய தகடு, ஒன்றுக்கும் சரியாகப் பொருந்தாது.

3. நட்டுகளைக் கலக்காதீர்கள். ஹொண்டாவின் அசல் ரிம்முக்கு உருண்டை அடி நட்டு. கடையில் வாங்கும் ரிம்களுக்குப் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு நட்டு. மாற்றிப் போட்டால் இறுகியதுபோலத் தெரியும், ஆனால் பிடிக்காது.

4. அசல் ஸ்டட்டின் நுனியை மறக்காதீர்கள். போல்ட்டால் பூட்டும் ஸ்பேசர் மெல்லியதாக இருந்தால் பழைய ஸ்டட் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ரிம்மின் பின்புறத்தில் அதற்குப் பள்ளம் இல்லாவிட்டால் சில்லு முழுதாக உட்காராது.

5. மரையில் கிரீஸ் பூசாதீர்கள். உராய்வு குறைவதால், அதே அளவில் இறுக்கினாலும் ஸ்டட் அளவுக்கு மிஞ்சி இழுபடும். கறளுக்குப் பயந்தால் ஹப் முகத்தில் மட்டும் மெல்லிய பூச்சு போதும்.

6. ரயரின் பக்கச்சுவரை மெலிய வைக்காதீர்கள். வீதிக்குழியை இங்கே பிரெஞ்சில் 'நீ-து-பூல்', கோழியின் கூடு, என்பார்கள். பனி உருகி உறைந்து உருகும் மார்ச், ஏப்ரலில் அந்தக் கூடுகள் எங்கும் விரியும். 265/35 18 அங்குல ரயரின் பக்கச்சுவர் சுமார் 93 மி.மீ., 265/30 19 அங்குலத்தில் சுமார் 80 மி.மீ. அந்த 13 மி.மீ. ரிம்மைக் காப்பாற்றும். அகல ரிம்மில் ஒடுங்கிய ரயரை இழுத்துப் பூட்டுவதும் இதே காரணத்தால் கூடாது.

7. வெட்டிய தகரத்தை அப்படியே விடாதீர்கள். மட்காட்டுக்கு உள்ளே வெட்டிய விளிம்பில் எபொக்சி பிறைமரும் சீலரும் போடாவிட்டால், வீதி உப்பு சில பனிக்காலங்களிலேயே அதைத் தின்றுவிடும்.

8. கோடைச் சில்லோடு டிசம்பருக்குள் போகாதீர்கள். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மலையும் பனிச்செதிலும் பொறித்த பனிக்கால ரயர் கியூபெக்கில் சட்டப்படி கட்டாயம். அகல ரயர் பனியில் மிதக்கும். ஒடுங்கிய ரயர் பனியை வெட்டி வீதியைப் பிடிக்கும். அசல் ரிம்மை விற்காமல் அதில் பனிக்கால ரயரைப் போட்டு வையுங்கள், அல்லது காரை அந்த மாதங்களில் நிறுத்திவிடுங்கள்.

மருமகன் அந்த ஸ்பேசர்களை எறிந்துவிட்டு, அளந்து எடுத்த ஈடி 22 ரிம்முக்குக் காசு சேர்த்தான். ஒரு கோடை முழுக்க அசல் சில்லோடுதான் ஓடினான். அகல மட்காட்டுக்குள் அந்தச் சில்லு ஒடுங்கித் தெரிந்தது அவனுக்குக் கவலைதான். இப்போது ஒவ்வொரு ஏப்ரலிலும் நான்கு சில்லையும் தானே கழற்றி, ஹப்பைத் தேய்த்து, டோர்க் ரென்ச்சைக் கையில் எடுக்கிறான். தன் தங்கச்சியைப் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு அதே 40ஆம் இலக்கத்தில்தான் போய்வருகிறான்.