கிளிப்பர்ட்டன் தீவின் பறவைகள்

மரக்கிளைகளில் கூடு கட்டும் பறவைகளையே நாம் மிகுதியாகக் கண்டு பழகியுள்ளோம். ஆயினும், தரையிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பறவைகளும் பல உள. கவுதாரி புதரடியில் மறைந்து அடைகாக்கும்; ஆட்காட்டியின் முட்டைகள் கூழாங்கற்களின் நிறத்தோடு ஒன்றிக் கிடக்கும். நரியும் கீரியும் திரியும் நிலத்தில் வாழ்வதால், இத்தகைய காப்பு அவற்றிற்கு இயல்பாக அமைந்துள்ளது. நாற்புறமும் கடல் சூழ்ந்த தொலைதூரத் தீவுகள் பலவற்றில் அத்தகைய பகை விலங்குகள் இல்லை. அங்குக் கூடு கட்டும் பறவைகள் மறையவும் அறியா. அஞ்சி ஓடவும் அறியா. அத்தகைய தீவினுள் பகை புகுந்தால் யாது நிகழும்? கிளிப்பர்ட்டன் தீவின் வரலாறு இவ்வினாவிற்கு விடை கூறுகின்றது.

கிளிப்பர்ட்டன், பசிபிக் பெருங்கடலில், மெக்சிக்கோ நாட்டின் கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் உள்ளது. நடுவே நீர்நிலையும், அதனைச் சுற்றி வளையம் போன்ற குறுகிய நிலமும் அமைந்த பவளத்தீவு அது. ஏறத்தாழ 29 மீட்டர் உயரமுள்ள பாறை ஒன்றைத் தவிர, எஞ்சிய நிலம் முழுதும் தாழ்வானது. இன்று அது பிரான்சு நாட்டிற்கு உரியது.

இத்தீவில் பூபி என்னும் கடற்பறவைகள் கூட்டங்கூட்டமாக வாழ்கின்றன. வெண்ணிற உடலும் கரிய முகமும் உடையது முகமூடிப் பூபி. மற்றோரினம் பழுப்புப் பூபி. இவை கடலில் பாய்ந்து மீன் பிடித்து உண்பவை. முகமூடிப் பூபி, தரையில் உள்ள சிறு பள்ளத்திலேயே முட்டையிடும். பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடினும், வளர்ந்து பறப்பது ஒரு குஞ்சே. ‘பேதை’ எனப் பொருள்படும் ஸ்பானியச் சொல்லிலிருந்து பூபி என்னும் பெயர் பிறந்தது என்பர். மனிதர் அருகில் வரினும் பறந்தோடாமல் இருந்தமையால் மாலுமிகள் இப்பறவைகளைப் பேதைகள் என எண்ணினர். உண்மையில் அது பேதைமையன்று. பகையறியா வாழ்வின் விளைவேயாகும்.

கடற்பறவைகளின் எச்சத்தால் இத்தீவில் பாஸ்பேட் உரம் படிந்திருந்தது. அதனை அகழ்ந்தெடுக்க மக்கள் சென்று தங்கிய காலத்தில், 1897 ஆம் ஆண்டளவில், பன்றிகளும் அங்குக் கொண்டு செல்லப்பட்டன. பின்னர்க் குடியிருப்பு நலிந்தது. 1917 ஆம் ஆண்டில், உயிர் பிழைத்திருந்த பெண்களையும் குழந்தைகளையும் அமெரிக்கக் கப்பல் ஒன்று மீட்டுச் சென்றது. மனிதர் அகன்றனர், பன்றிகள் அகன்றில. காப்பார் இன்றிக் காட்டுநிலை எய்தி, அவை தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தன.

பன்றி மோப்ப ஆற்றல் மிக்கது. கிடைத்தவற்றையெல்லாம் உண்ணும் இயல்பினது. தரையில் கிடந்த முட்டைகளும் பறக்கவியலாத குஞ்சுகளும் அதற்கு எளிதில் இரையாயின. தீவில் மலிந்திருந்த நிலநண்டுகளையும் பன்றிகள் தின்றன. செடிகளை உண்ணும் நண்டுகள் குறையவே, செடிகொடிகள் அடர்ந்தன. அயலான் தீவின் தோற்றத்தைக் கண்டால், அது செழித்துள்ளது என்றே எண்ணியிருப்பான். ஆனால் அதன் பறவையினங்களோ அழிவின் விளிம்பில் நின்றன.

1958 ஆம் ஆண்டில் கென்னத் ஸ்டேகர் என்னும் அமெரிக்கப் பறவையியல் அறிஞர் ஆய்வுக் குழு ஒன்றுடன் அத்தீவிற்குச் சென்றார். முகமூடிப் பூபிகள் ஏறத்தாழ 150, பழுப்புப் பூபிகள் ஏறத்தாழ 500; எஞ்சியவை இவ்வளவே. நிலைமையை உணர்ந்த அவர், துப்பாக்கி ஏந்தி, தீவிலிருந்த 58 பன்றிகளையும் கொன்றார். உயிர்க்கொலை மகிழ்ச்சிக்குரியதன்று. பன்றிகளும் பிழை செய்தவை அல்ல. பசித்தபோது உண்டன, அவ்வளவே. அவற்றை அங்குக் கொணர்ந்து, பின் மறந்து போன மனிதரே அந்நிலைக்குக் காரணர். எனினும், அன்று அவை விடப்பட்டிருப்பின், பூபிகள் அத்தீவைவிட்டே மறைந்திருக்கும்.

அச்செயலின் பயன் பின்னர் வெளிப்பட்டது. 2003 ஆம் ஆண்டில் கணக்கிட்டபோது, முகமூடிப் பூபிகள் ஏறத்தாழ 1,12,000, பழுப்புப் பூபிகள் ஏறத்தாழ 25,000 இருந்தன. உலகிலேயே முகமூடிப் பூபிகள் மிகுதியாகக் கூடும் இடமாகக் கிளிப்பர்ட்டன் விளங்கியது. நண்டுகளும் பெருகிச் செடிகளை உண்டமையால், நிலம் மீண்டும் வெளியாயிற்று. திறந்த வெளியை விரும்பும் முகமூடிப் பூபிக்கு அதுவும் ஏற்றதாயிற்று.

ஆயினும் கதை இத்துடன் முடியவில்லை. 2000 ஆம் ஆண்டை ஒட்டி, கரையில் மோதிச் சிதைந்த கப்பல்களிலிருந்து எலிகள் தீவினுள் புகுந்தன. நண்டுகள் குறையலாயின, செடிகள் மீண்டும் பரவலாயின. பன்றியை அகற்றியதோடு கடமை முடிந்துவிட்டது என்று இருத்தல் இயலாது என்பதை இது உணர்த்துகின்றது.

ஓர் உயிரைப் புதிய நிலத்தில் விடுவது எளிது. அதனால் விளையும் தீங்கை நீக்குவது அரிது. கடல் கடந்து செல்வோர் தம்முடன் எவ்வுயிர் வருகின்றது என்பதை விழிப்புடன் நோக்க வேண்டும். பகையறியாது தரையில் அமர்ந்திருக்கும் பறவைக்கு அவ்விழிப்பே அரணாகும்.

வினாக்கள்

1. தனித்தீவுப் பறவைகள் பகைவரைக் கண்டு அஞ்சாமைக்குக் காரணம் யாது?
2. பன்றிகள் இருந்த காலத்தில் செடிகள் அடர்ந்தமை ஏன்?
3. ஸ்டேகரின் செயல் பற்றி உம் கருத்தைக் காரணங்காட்டி எழுதுக.