கையைப் பார்க்கும் முன் மேசையைப் பார்

மயிலாப்பூர்
நவம்பர் 2025

அன்புள்ள கண்ணா,

உன் மெயிலைப் படித்தேன். போக்கரில் இரண்டு ஏஸ் கையில் இருந்தும் இருநூறு ரூபாய் போய்விட்டது, துணிந்து ஏற்றி ஆடியது தப்பா என்று கேட்டிருக்கிறாய். நம் நாட்டு ஆப்கள் ஆகஸ்டில் பணப் போக்கரை நிறுத்திவிட்டதால், அடையாறில் உன்னோடு தங்கியிருக்கும் நண்பன் ஒரு வெளிநாட்டுத் தளத்தின் லிங்க் கொடுத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். முதல் விஷயத்தில் நீ செய்தது சரி. இரண்டாவதில் போகாதே என்கிறேன். வெறும் கண்டிப்பாகச் சொன்னால் உனக்குப் பிடிக்காது என்று தெரியும். புள்ளியியல் சொல்லிக்கொடுத்தே காலம் கழித்தவள் நான். கணக்காகவே சொல்கிறேன்.

52 சீட்டில் இரண்டு ஏஸும் உன் கைக்கு வருவது 221 ஆட்டத்துக்கு ஒரு முறை. எதிரே ஏதோ ஒரு கையோடு ஒருவர் மட்டும் கடைசி வரை இருந்தால் நூற்றுக்கு 85 முறை நீ ஜெயிப்பாய். மூன்று பேர் என்றால் 64. ஐந்து பேர் என்றால் 49தான். அன்று உன்னோடு ஐந்து பேர் வந்தார்கள் என்றால், நீ தோற்றதில் அதிசயம் எதுவும் இல்லை. ஆனால் ஆறு பேரும் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு, அதில் உனக்கு 49 சதவீத வாய்ப்பு இருந்தால், உன் பங்கின் சராசரி மதிப்பு 294 ரூபாய். நீ போட்டது நூறு. எத்தனை முறை ஜெயிக்கிறோம் என்பதும் எவ்வளவு சம்பாதிக்கிறோம் என்பதும் வேறு வேறு கணக்கு. ஒரு முறை தோற்றதால் ஆடிய விதம் தப்பாகிவிடாது.

சின்னப் பந்தய மேசைகளில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் எந்தக் கையையும் மடித்து வைத்து விலக மனசில்லாதவர்கள். கையில் என்ன இருந்தாலும் பார்த்துவிட வேண்டும் அவர்களுக்கு. அங்கே வலுவான கையை ஒளித்து வைத்து, எதிராளியைச் சிக்க வைக்கலாம் என்று காத்திருப்பது ரங்கநாதன் தெருக் கடைக்காரர் தீபாவளி நேரத்தில் நல்ல பட்டுப் புடவையைப் பூட்டி வைப்பது மாதிரி. வாங்க ஆள் நிற்கும்போது எடுத்துப் போட்டு, உரிய விலை சொல்ல வேண்டும்.

விலை என்பது வெறும் பேச்சில்லை. மேசை நடுவில் 40 ரூபாய் பந்தயம் சேர்ந்திருக்கிறது, கடைசிச் சீட்டு மட்டும் பாக்கி, எதிராளிக்கு இன்னொரு ஹார்ட்டின் வந்தால் ஜெயம் என்று வைத்துக்கொள். அவன் கண்ணில் படாத 46 சீட்டில் ஹார்ட்டின் 9. ஐந்தில் ஒன்றுக்கும் கொஞ்சம் குறைவு. நீ ஐந்து ரூபாய் கட்டினால், 45 ரூபாய்க்காக அவன் ஐந்து போடுகிறான். அது அவனுக்கு லாபம். முப்பது கட்டினால், 70 ரூபாய்க்காக அவன் முப்பது போட வேண்டும். அந்த விலைக்கு நூற்றுக்கு முப்பது வாய்ப்பாவது வேண்டும், அவனிடம் இருப்பதோ இருபது. அப்படியும் போட்டான் என்றால் ஒவ்வொரு தடவையும் சராசரியாகப் பத்து ரூபாய் உன் பக்கம் வருகிறது. துணிந்து ஏற்றுவதன் அர்த்தம் இதுதான். ஆட்களை விரட்டுவதற்காக ஏற்றுவதில்லை. வலுக்குறைந்த கைகள் அதிக விலை கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

அதே நேரம், மேசைச் சீட்டு உதவாவிட்டால் ஏஸ் ஜோடி கடைசி வரை வெறும் ஒரு ஜோடிதான் என்பதை மறக்காதே. அதுவரை வாய் திறக்காமல் கூடவே வந்தவர் கடைசியில் திடீரென்று பெரிதாக ஏற்றினால், சின்ன மேசையில் அது அநேகமாக உண்மையான வலுதான். மடித்துவிடு. மடிக்கவே தெரியாதவர்களிடம் பொய்யாக ஏற்றி மிரட்டவும் பார்க்காதே.

இதுவரை உன் கையின் கணக்கு. இனி மேசையின் கணக்கு.

கட்டாயப் பந்தயம் ஒரு ரூபாய்–இரண்டு ரூபாயாக உள்ள மேசையில், எல்லாக் கழிவும் போக, நூறு ஆட்டத்துக்குப் பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கிறவர் நல்ல ஆட்டக்காரர். மணிக்கு எழுபது ஆட்டம் என்று வை: ஏழு ரூபாய். ஏற்ற இறக்கமோ அதைவிட எவ்வளவோ பெரிது. நூறு ஆட்டத்துக்குத் திட்ட விலக்கம் 180 ரூபாய் என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். பத்தாயிரம் ஆட்டத்தில் எதிர்பார்க்கும் லாபம் ஆயிரம், விலக்கம் 1,800. அதாவது 140 மணி நேரத்துக்கு மேல் பிசகில்லாமல் ஆடிய நல்ல ஆட்டக்காரர்களிலும் நூற்றுக்குக் கிட்டத்தட்ட முப்பது பேர் நஷ்டத்தில்தான் நிற்பார்கள். சுமாராக ஆடுகிறவர்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம். மேசை நடத்துகிறவருக்கு மட்டும் இந்த ஏற்ற இறக்கம் கிடையாது. நடுவில் சேரும் பணத்தில் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில், யார் ஜெயித்தாலும் அவர் எடுத்துக்கொள்வார். சட்டப்படி நடந்த காலத்திலேயே, 2023 அக்டோபரிலிருந்து போடுகிற பணத்துக்கு 28 சதவீத ஜிஎஸ்டி. அந்த வருஷம் ஏப்ரலிலிருந்து நிகர வெற்றியில் 30 சதவீத வருமான வரி.

"போக்கர் திறமை ஆட்டம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு நம் மாநிலம் கொண்டுவந்த சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் சேர்த்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இரண்டையும் அதிலிருந்து எடுத்தது. ஆனால் அதே நீதிமன்றம், நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை பண ஆட்டம் கூடாது என்ற மாநில விதியை 2025 ஜூனில் சரி என்றது. ஆட்டத்தில் திறமை இருக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு, விட்டதைப் பிடிக்க உட்கார்ந்திருப்பவனிடம் அந்தத் திறமை மிஞ்சாது. கடன் வாங்கி ஆடி, உயிரையே விட்ட நம் ஊர்ப் பிள்ளைகளின் செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம்! அவர்களும் சின்னப் பந்தயத்தில் ஆரம்பித்திருக்கலாம்.

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்ப்பதில்லை. ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது. நடத்தினால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். அதை எதிர்க்கும் வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. ஆடுகிறவருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டு உன் நண்பன் தைரியம் சொல்கிறான். தண்டனை இல்லை, சரி. பாதுகாப்பும் இல்லையே! சீட்டை யார் கலைக்கிறார்கள், எதிரே இருப்பது மனிதனா புரோகிராமா, ஜெயித்த பணம் வராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பாய்? யாருடையதென்று தெரியாத கணக்குக்குப் பணம் அனுப்பி, அது சைபர் மோசடி வழக்கில் சிக்கினால் உன் சம்பளக் கணக்கும் முடங்கலாம். நான் மேலே போட்ட கணக்கெல்லாம் மேசை நேர்மையானது என்ற ஒரே அனுமானத்தில் நிற்கிறது. அந்த அனுமானம் போனால் இரண்டு ஏஸுக்கும் மதிப்பு கிடையாது.

உனக்குச் சீட்டில் இருக்கும் ஆசையை நான் குறை சொல்லவில்லை. அது நல்ல மூளைக்கு வருகிற ஆசை. பிரிட்ஜ் கற்றுக்கொள். டூப்ளிகேட் முறையில் ஒரே சீட்டுகள் எல்லா மேசைக்கும் போகும். உனக்கு வந்த வலுவான கையே அடுத்த மேசைக்காரருக்கும் வரும், அதை யார் நன்றாக ஆடினார்கள் என்பதற்குத்தான் மதிப்பெண். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் பிரிட்ஜில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கினார்கள். பர்தனுக்கு அப்போது அறுபது வயது. போக்கரே வேண்டும் என்றால் பணம் இல்லாமல், புளியங்கொட்டை வைத்து நண்பர்களோடு ஆடு. ஏற்றுவது, மடிப்பது, விலை சொல்வது எல்லாம் அதிலும் பழகலாம்.

இப்போது உடனே செய்ய வேண்டியவை: அந்த லிங்க்கை அழித்துவிடு, ஆட்டத்துக்காக யாரிடமாவது கடன் வாங்கியிருந்தால் தொகையை எனக்கு எழுது, சேர்ந்து அடைத்துவிடலாம். நிறுத்த முயன்றும் கை அதிலேயே போகிறது என்றால் 14416 டெலிமனாஸ் எண்ணுக்குப் பேசு, தமிழிலேயே பேசலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை. உன் நண்பனிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டு. நல்ல கை வந்தால் துணிந்து ஆடுகிற சுபாவத்தை விட்டுவிடாதே, கண்ணா. படிப்பிலும் வேலையிலும் அது உனக்கு நிறையத் தரும். எந்த மேசையில் உட்காருகிறோம் என்பதை மட்டும் அதற்கு முன்னால் தீர்மானித்துக்கொள்.

அன்புடன்,
உன் பெரியம்மா