திக்கலும் உச்சரிப்புப் பிசகும்



நாலு வயதுப் பிள்ளை கீரைக்கட்டைக் காட்டி, “த... த... தட்டு” என்கிறது. இதிலே குறை இரண்டு. கட்டு என்பதைத் தட்டு என்பது உச்சரிப்புப் பிசகு. முதலெழுத்திலே தடைப்பட்டு நிற்பது திக்கல். இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருப்பதுண்டு.

நாம் செய்யும் தவறு என்ன? உச்சரிப்பைத் திருத்த எண்ணி, “சரியாய்ச் சொல், மறுபடி சொல்” என்று நெருக்குகிறோம். நெருக்க நெருக்கத் திக்கல் மிகும். முடிவில் பிள்ளை, விடை தெரிந்தும் வகுப்பிலே வாய்மூடி உட்கார்ந்துவிடும்.

ஆகையால் பேச்சுப் பயிற்சியாளர் இரண்டையும் ஒருங்கே கவனிப்பர். கட்டு, தட்டு என இரு படங்களை வைத்து, தாமே நிதானமாய்ப் பெயர் சொல்லி, பிள்ளையைத் தொட்டுக்காட்டச் செய்வர். முதலில் காது பழகும். பிறகு நாவு பழகும்.

வீட்டில் செய்யவேண்டியவை:

1. ஷூ கம்பெனியிலிருந்து களைத்து வந்தாலும், தினம் 10 நிமிஷம் பிள்ளையோடு மெதுவாய்ப் பேசுங்கள்.

2. “தட்டு” என்றால், “ஆமாம், கீரைக்கட்டு” என்று சொல்லி மேலே பேசுங்கள். திருப்பிச் சொல்லவைக்காதீர்கள்.

3. திக்கும்போது சொல்லை நீங்கள் முடிக்காதீர்கள்; காத்திருங்கள்.

4. நாவில் வசம்பு தேய்ப்பதால் இது தீராது.

இளவயதுத் திக்கல் பெரும்பாலும் தானே நீங்கும். ஆனால் உச்சரிப்புப் பிசகும் சேர்ந்திருந்தால், அது நீடிக்க இடமுண்டு. அப்படிப்பட்ட பிள்ளையைத் தாமதியாமல் அழைத்துப் போங்கள். 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி நமக்கு அருகிலேயே உள்ளது. அங்கே செவிப் பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் உண்டு.