மேற்கு ஜன்னலுக்கு எந்தத் திரை?

கேள்வி: படுக்கையறை ஜன்னல் மேற்கு பார்த்தது, பிற்பகலில் அனல் தாங்கவில்லை. பிளைண்ட்ஸ் போடலாமா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறாள்.
– வாசகி, வேளச்சேரி

பதில்: தாராளமாகப் போடலாம். ஆனால், வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மடக்குவதுதான் முதல் வேலை. உள்ளே நுழைந்துவிட்ட வெயில் திரையில் பட்டுச் சூடாகி, பெரும்பகுதி அறையிலேயே தங்கிவிடும். பால்கனி இருந்தால் அங்கே மூங்கில் தட்டி கட்டுங்கள். வெட்டிவேர்த் தட்டி மணக்கும்தான். சென்னையின் ஈரக்காற்றில் அதன் குளிர்ச்சி குறைவு.

உள்பக்கத்துக்குப் பிளாக்அவுட் ரோலர் ஏற்றது. தெருவைப் பார்க்கும் பக்கம் வெள்ளையாக இருக்கட்டும். வெயிலைத் திருப்பி அனுப்பும்.

ஜன்னல் குழிக்குள் பொருத்துவதானால் அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அளந்து, இருப்பதிலேயே குறைந்த அளவைக் கடையில் கொடுங்கள். சிமென்ட் பூச்சு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருப்பதில்லை. ஒரு இடத்தில் மட்டும் அளந்து செய்த ரோலர் சுவரில் உரசி, ஓரத்துணி பிரிந்துவிடும். குழிக்குள் இல்லாமல் அறைச் சுவரின் மேல் மாட்டினால் இருபுறமும் 10 செ.மீ. கூட்டிக்கொள்ளலாம். மேலே இருப்பது கான்கிரீட் லிண்டல் என்பதால் ஹேமர் டிரில் இல்லாமல் துளை இறங்காது.

குழந்தை இருக்கும் வீட்டில் தொங்கும் கயிறும் மணிச்சங்கிலியும் வேண்டவே வேண்டாம். கழுத்தில் சுற்றிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். கயிறில்லாத ஸ்பிரிங் வகையையே கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே சங்கிலி வைத்தது இருந்தால், தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேலே சுவரோடு இழுத்துப் பூட்டுங்கள். கட்டிலையும் ஜன்னலைவிட்டுத் தள்ளிப் போடுங்கள்.