கைபேசிக்கு வந்த வகுப்பறை: திருமயத்து வாசகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

திருமயத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, புதுக்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் தொழிற்கூடத்தில் குழாய் வேலையில் இருக்கிறீர்கள். சில மாதங்களாகக் கம்பெனி எல்லோருடைய போனிலும் ஒரு பயிற்சி ஆப்பை ஏற்றச் சொல்லியிருக்கிறது. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தபின் ஆங்கிலத்தில் ஓடும் வீடியோவைப் பார்க்க வேண்டும். முடிவில் வரும் கேள்விகளுக்கு விடையை அமுக்க வேண்டும். வருகிற சர்டிஃபிகேட்டைச் சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். மூத்த தொழிலாளர்கள் சிலருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளே விடை அமுக்கிக் கொடுக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். “இது படிப்பா அண்ணே, இல்ல கணக்குக் காட்டுறதா?” என்று கேட்டிருந்தீர்கள். உங்களைப் போலப் பலர் இதே ஆப்பை வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருக்கிறார்கள். அதனால்தான் பதிலை எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனி தன் வேலைக்காகச் சொல்லித்தரும் பாடம் கம்பெனியின் நேரத்தில் நடக்க வேண்டும். தொழிலாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். பாடம் முடிந்ததும் வேலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று கையைப் பார்த்துத் திருத்த வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் போனில் வருவது அருமையான பயிற்சி. மூன்றும் இல்லையென்றால், நீங்கள் சந்தேகப்பட்டது சரி.

கம்பெனிகள் ஏன் இதற்கு வந்தன என்பதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். ஒரு வாத்தியாரை வரவழைத்து, ஹாலில் நாற்பது பேரை உட்கார வைத்தால் அன்றைக்கு நாற்பது பேருடைய உற்பத்தி நிற்கும். நான்கு ஊரில் பட்டறை இருந்தால் நான்கு வாத்தியார்கள் நான்கு விதமாகச் சொல்வார்கள். தணிக்கைக்கு வருகிறவர் ‘இவருக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தீர்களா, ஆதாரம் எங்கே?’ என்று கேட்பார். சட்டமும் கேட்கும்: பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், ஊழியர்களுக்கு விழிப்புணர்வுப் பயிற்சி நடத்துவதை முதலாளியின் கடமை ஆக்கியிருக்கிறது. இதற்கெல்லாம் ஒரே பாடத்தை ஒரே சமயத்தில் ஆயிரம் பேருக்கு அனுப்பிப் பதிவும் வைத்துக்கொள்ளும் வசதி நிர்வாகத்துக்குப் பெரிய உதவிதான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, தயங்கிக்கொண்டிருந்த கம்பெனிகளும் இந்தப் பக்கம் வந்துவிட்டன.

சிக்கல் அந்தப் பதிவில்தான் தொடங்குகிறது. ஆன்லைன் பாடங்களைப் பல மென்பொருள்களிலும் ஓடும்படி செய்ய ‘ஸ்கார்ம்’ என்று ஒரு பொதுத்தரம் உண்டு. 2000-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முயற்சியில் உருவானது. உங்கள் போனில் ஓடும் பாடம் நிர்வாகத்தின் கம்ப்யூட்டருக்குச் சொல்லி அனுப்புவது பெரும்பாலும் சில விவரங்களைத்தான்: திறந்தாரா, முடித்தாரா, எவ்வளவு நேரம் ஓடியது, எத்தனை மார்க். உங்கள் மகள் அமுக்கினாளா நீங்கள் அமுக்கினீர்களா என்பது அதில் வராது. மறுநாள் நீங்கள் வால்வைத் திறக்கும் முன் அழுத்தமானியைப் பார்த்தீர்களா என்பதும் வராது. மேலே இருப்பவர் திரையில் ‘நூறு சதவீதம் முடிந்தது’ என்று பச்சையாகத் தெரியும். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் தெரிகிறதை வைத்துத்தானே அவர் முடிவெடுப்பார்?

பயிற்சியை எப்படி அளப்பது என்று டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-இல் எழுதத் தொடங்கினார். நான்கு நிலைகளைச் சொன்னார். படித்தவருக்குப் பிடித்ததா, விஷயம் தெரிந்துகொண்டாரா, வேலையில் நடந்துகொள்ளும் விதம் மாறியதா, அதனால் தொழிலுக்கு என்ன பலன். ஆப் அளப்பது முதல் இரண்டை மட்டும், அதுவும் அரைகுறையாக. மற்ற இரண்டையும் பட்டறைக்குள் வந்து நின்று பார்த்தால்தான் தெரியும்.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். திருமயத்தில் பெல் (பி.எச்.இ.எல்.) நிறுவனத்தின் மின்நிலையக் குழாய்த் தொழிற்கூடம் இருக்கிறது. 2013 ஆகஸ்ட் 2 அன்று அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் நேரில் வந்து அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். பெல்லின் திருச்சி ஆலையைச் சேர்ந்த அந்தக் கூடத்தில் அனல்மின் நிலையங்களுக்கான குழாய்கள் தயாராகின்றன. அதே திருச்சியில் 1975-இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் பெல்லுடையதுதான். பாய்லர் வேலை என்றால் திருச்சி என்று பெயர் வந்ததற்குப் பின்னால், தலைமுறை தலைமுறையாகப் பழகிய வெல்டர்களின் கை இருக்கிறது.

அந்தக் கைக்கு எப்படிச் சான்று கொடுக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 1950-ஆம் ஆண்டின் இந்திய பாய்லர் விதிகளின்படி உயர் அழுத்தக் குழாயில் வெல்டிங் செய்ய வேண்டுமென்றால் தேர்வு எழுதினால் போதாது, பற்றவைத்துக் காட்ட வேண்டும். குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் நிறுத்திவிடுவார்கள். சிக்ஸ் ஜி என்று நீங்கள் சொல்கிற நிலை. வெல்டர்தான் சுற்றிச் சுற்றி வர வேண்டும். கீழே படுத்தும் மேலே எட்டியும், கை நடுங்காமல். உள் அடுக்கை ஆர்கான் வெல்டிங்கில் போட்டு, மேலே வெல்டிங் ராடில் நிரப்பி முடித்த டெஸ்ட் பீஸை எக்ஸ்ரே எடுப்பார்கள், வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள். உள்ளே ஒரு கசடுத் துணுக்கு இருந்தாலும் படத்தில் தெரிந்துவிடும். எந்த வீடியோவும் இந்தச் சான்றைத் தர முடியாது. மின்வில் (ஆர்க்) எவ்வளவு நீளம் இருந்தால் சத்தம் சீராக வரும் என்பது காதும் மணிக்கட்டும் கற்றுக்கொள்ளும் விஷயம்.

இதைச் சொல்லிவிட்டு ஆன்லைன் பாடமே வேண்டாம் என்று நிறுத்தினால் அது உங்களுக்கு நான் செய்யும் அநியாயம். அதே வெல்டரைக் கேளுங்கள்: ராடை ஏன் அடுப்பில் சுட்டு, சூடாகவே பெட்டியில் வைத்து எடுக்கச் சொல்கிறார்கள்? பலர் ‘அப்படித்தான் அண்ணே வழக்கம்’ என்பார்கள். ராடின் மேற்பூச்சில் ஈரம் இருந்தால் அதிலிருந்து ஹைட்ரஜன் பிரிந்து, உருகிய உலோகத்துக்குள் புகுந்து, பற்றவைத்துப் பல மணி நேரம் கழித்துக்கூட விரிசலை உண்டாக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்த நடப்பைப் படம் வரைந்து, அசைத்துக் காட்ட வீடியோவைவிடச் சிறந்த கருவி இல்லை. நீராவிக் குழாய்களில் வரும் பி 91 என்ற குரோமியம் எஃகைப் பற்றவைக்கும் முன் சுமார் 200 டிகிரிக்குச் சூடாக்கச் சொல்கிறார்கள். முடித்தபின் 750 டிகிரியை ஒட்டிச் சூடேற்றி மெல்ல ஆறவிடச் சொல்கிறார்கள். காரணம் தெரிந்த வெல்டர், அவசரம் என்று யாராவது சூடாக்காமலே ஆரம்பிக்கச் சொன்னால் முடியாது என்பார். காரணம் தெரியாதவர் சொன்னதைச் செய்துவிடுவார். ஏன் என்று சொல்லித்தரும் வேலைக்குத்தான் போன் பாடம் பொருந்தும். மூச்சுமுட்டும் தொட்டிக்குள் இறங்கும் முன் காற்றை ஏன் சோதிக்க வேண்டும், உயரத்தில் பெல்ட்டை எங்கே மாட்ட வேண்டும் போன்றவற்றுக்கும் அது நல்ல தொடக்கம்.

தொடக்கம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, தொழில் பழகாத லட்சக்கணக்கானோரை வேகமாகத் தொழிற்சாலைக்குத் தயார்செய்ய வேண்டிய நெருக்கடி அமெரிக்காவுக்கு வந்தது. அப்போது மேற்பார்வையாளர்களுக்கு அவர்கள் சொல்லிக்கொடுத்த முறை நான்கு படி கொண்டது. கற்பவரைத் தயார்செய், செய்து காட்டி விளக்கு, அவரையே செய்யச் சொல்லிப் பார், பிறகும் போய்ப் போய்க் கவனி. இன்றைய ஆப்பில் இருப்பது இரண்டாவது படி. மற்ற மூன்றுக்கும் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ஆகும் செலவை மிச்சம்பிடிக்க ஆப்பை வாங்கிய கம்பெனி, பயிற்சியில் பெரும்பகுதியை விட்டுவிட்டது என்றே சொல்வேன்.

இனி நேரம். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு, பஸ் பிடித்து வீடு வந்து, குளித்துச் சாப்பிட்டு, இரவு பத்து மணிக்கு ஒருவர் தீயணைப்பு வீடியோ பார்த்தால் அதில் என்ன மனதில் நிற்கும்? கம்பெனிக்கு வேண்டிய படிப்பு என்றால் அது வேலை. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. தொழில் பழகுநர் பாட வகுப்பில் செலவிடும் நேரம் சம்பளத்துக்குரிய வேலை நேரமாகவே கருதப்பட வேண்டும் என்று அதன் 10-ஆவது பிரிவு சொல்கிறது. பழகுகிற பையனுக்கு அறுபது ஆண்டுக்கு முன்பே ஒப்புக்கொண்ட நியாயத்தை, பழகி முடித்து வேலை செய்கிறவருக்கு எப்படி மறுப்பது? 2025 வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்திலும் 1987-இல் 111-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, பாதுகாப்புப் பயிற்சியை, முடிந்த இடத்தில் தொழிற்சாலைக்குள்ளேயே பெறுவதைத் தொழிலாளியின் உரிமை என்று எழுதினார்கள். தொழிற்சாலைக்குள்ளே என்ற சொல்லைக் கவனியுங்கள். போனில் வருவதால் பாடம் நம் வீட்டுக் கட்டில்வரை வரலாம் என்று ஆகிவிடாது.

மொழியைப் பற்றிப் பேச நம் மாவட்டத்துக்கு எல்லோரையும்விட உரிமை அதிகம். 1991-இல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. உங்கள் அம்மாவிடமோ அத்தையிடமோ கேட்டுப் பாருங்கள், பாட்டுகள்கூட நினைவிருக்கும். தொண்டர்கள் மக்கள் இருக்கும் இடத்துக்குப் போனார்கள். வேலை முடிந்து அவர்களுக்குத் தோதான நேரத்தில், அவர்கள் பேசும் தமிழில், அவர்கள் வாழ்க்கையிலிருந்து எடுத்த பாடத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். எழுத்தோடு நிற்காமல் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல்குவாரியில் கூலிக்கு உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். பெரியவர்களுக்குப் பாடம் நடத்துவது எப்படி என்பதை இந்த மண் ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறது. அதே மண்ணில் இன்று ஒரு ஃபிட்டருக்கு அமெரிக்க உச்சரிப்பில் வீடியோ போட்டு, புரியாததை அவர் குறை என்று விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நல்லபடியாக நடக்கும் முயற்சிகளும் கண்முன் இருக்கின்றன. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டெல் பாடங்களை எவரும் இலவசமாகப் பார்க்கலாம்; வெல்டிங், உலோகவியல் உட்படப் பல பாடங்கள் உண்டு, சில பாடங்களின் தமிழ் வடிவமும் கிடைக்கிறது. தேர்வை மட்டும் ஒரு மையத்துக்குப் போய், கண்காணிப்பாளர் முன்னால் எழுத வேண்டும். அதனால் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு இருக்கிறது. தபால் துறை 2022 ஜூனில் ‘டாக் கர்மயோகி’ என்ற தளத்தைத் தொடங்கியது. பயிற்சி மையத்துக்கு வந்து போக வாய்ப்பே குறைந்த கிராம அஞ்சல் ஊழியர்கள் உட்பட ஏறத்தாழ 4 லட்சம் பேருக்கான தளம் அது. அவரவர் ஊரில் இருந்தபடி பாடம் பெற இதைவிட எளிய வழி இல்லை. நம் மாநிலத்தில் 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்திலும் கல்லூரி, ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு இப்படியான தொழில் பாடங்கள் வருகின்றன. உங்கள் தம்பி தங்கைகள் பயன்படுத்தட்டும்.

நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். தனியாகப் போய்ச் சண்டை போடாதீர்கள். உங்களோடு வேலை செய்பவர்களைச் சேர்த்துக்கொண்டு, பாதுகாப்புக் குழு இருந்தால் அதன் மூலமாக, சூப்பர்வைசரிடம் இதை எழுத்தில் கேளுங்கள்: வாரத்தில் ஒரு நாள் ஷிப்டின் முதல் அரை மணி நேரத்தைப் பாடத்துக்கு ஒதுக்குங்கள், பெரிய திரையில் எல்லோரும் சேர்ந்து பார்க்கிறோம், தமிழில் ஒருவர் விளக்கட்டும், பார்த்ததை அன்றே பட்டறையில் செய்து காட்டுகிறோம், மூத்த வெல்டர் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். இதில் நிர்வாகத்துக்குப் பெரிய செலவில்லை, அவர்களுக்கு வேண்டிய பதிவும் கிடைக்கும். உங்கள் பட்டறையில் ஓய்வுபெறப்போகும் நல்ல கைக்காரர் ஒருவர் நிச்சயம் இருப்பார். நிர்வாகத்தின் அனுமதியோடு அவர் வேலை செய்வதைப் போனில் படம் பிடியுங்கள். ஒவ்வொரு அசைவுக்கும் ஏன் என்று அவரையே சொல்லவையுங்கள். வெளியூரில் விலைக்கு வாங்கிய எந்தப் பாடமும் அந்த வீடியோவுக்கு ஈடாகாது. அதைச் செய்ய இன்னும் சில ஆண்டுகள்தான் அவகாசம் இருக்கிறது.

அதுவரை, உங்களுக்கு வரும் பாடத்தை நீங்களே பாருங்கள், பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். புரியாத இடத்தைக் குறித்துவைத்து மறுநாள் கேளுங்கள். கேட்டதற்கு நிர்வாகம் என்ன பதில் சொன்னது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்