மாற்று ஆளாக வந்தவர்: குரோவர் வாஷிங்டனின் சாக்ஸபோன்

'ஸ்மூத் ஜாஸ்'னு சொன்னாலே "லிஃப்ட்ல ஓடுற மியூசிக்தானே?"ன்னு பலர் சிரிப்பாங்க. அந்தப் பெயர் வானொலியில் பரவுவதற்கு முன்பே அந்த ஒலியை உருவாக்கியவர்களில் ஒருவர் குரோவர் வாஷிங்டன் ஜூனியர். அவரைக் கேட்டுவிட்டு அப்புறம் சிரிக்கலாமா என்று முடிவு செய்வோம்.

முதலில் கருவி. பிளஸ் டூ-வில் படித்த ஆர்கன் பைப் ஞாபகம் இருக்கா? ஒரு முனை மூடிய உருளைக் குழாயில் ஒற்றைப்படை ஹார்மோனிக்ஸ் மட்டும்தான் வரும்: 100, 300, 500 ஹெர்ட்ஸ் என்று. கிளாரினெட் ஏறக்குறைய அப்படித்தான். சாக்ஸபோனிலும் ஒற்றை ரீட்தான், ஆனால் குழாய் கூம்பு வடிவம். அதனால் 100, 200, 300 என்று எல்லா ஹார்மோனிக்ஸும் வரும். மனிதக் குரலிலும் இப்படித்தான் எல்லாம் கலந்திருக்கும். சாக்ஸ் 'பாடுற' மாதிரி நமக்குத் தோன்ற இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இந்த இயற்பியல் எல்லா சாக்ஸுக்கும் பொதுதானே? மீதி வேலை உதடும் மூச்சும் செய்வது. கீழுதட்டு அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் மேல் ஹார்மோனிக்ஸ் அடங்கி, காற்று கலந்த கதகதப்பான ஒலி வரும். இதற்கு 'சப்டோன்' என்று பெயர்.

குரோவர் 1943-ல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பிறந்தார். அப்பா சாக்ஸ் வாசிப்பார், அம்மா தேவாலயப் பாடகர் குழுவில் பாடுவார். ராணுவத்தில் இருந்தபோது டிரம்மர் பில்லி கோபம் அறிமுகமானார். நியூயார்க் இசைக் கலைஞர்களின் தொடர்பு அவர் வழியாகக் கிடைத்தது. பிறகு பிலடெல்பியாவில் குடியேறி, இசைத்தட்டு மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றில் வேலையும் பார்த்தார்.

1971-ல் தயாரிப்பாளர் கிரீட் டெய்லர் ஒரு ரெக்கார்டிங் வைத்திருந்தார். வாசிக்க வேண்டிய ஹேங்க் கிராஃபோர்டால் வர முடியவில்லை. டெனார் சாக்ஸில் பழகிய குரோவர் அன்று ஆல்ட்டோவை எடுத்து வாசித்தார். 'இன்னர் சிட்டி ப்ளூஸ்' ஆல்பம் அப்படித்தான் பிறந்தது. வாய்ப்பு தற்செயலாக வந்ததுதான். ஆனா வேறு கருவியைக் கையில் எடுத்து அன்னைக்கே வாசிக்க முடிஞ்சது தற்செயல் இல்லை!

அடுத்து 1975-ல் 'மிஸ்டர் மேஜிக்', 1980-ல் 'வைன்லைட்'. வைன்லைட்டில் பில் விதர்ஸ் பாடிய 'ஜஸ்ட் தி டூ ஆஃப் அஸ்' 1981-ல் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 2-ஆம் இடம் வரை போனது. அந்த ஆல்பத்துக்கு கிராமி விருதும் கிடைத்தது.

இனி ஒரு சின்னப் பயிற்சி. அந்தப் பாட்டை ஹெட்போனில் மூன்று முறை கேளுங்க. முதல் முறை மார்கஸ் மில்லரின் பேஸ் மட்டும். இரண்டாவது முறை ஸ்டீவ் கேடின் டிரம்ஸ். மூன்றாவது முறை சாக்ஸ். ஒரு வரி வாசித்துவிட்டு அவர் எங்கே நிறுத்துகிறார் என்று கவனிங்க. பாடகர் மூச்சு விடுற மாதிரி அந்த இடைவெளி இருக்கும். வேகமாக வாசிக்கத் தெரிந்தவர், பாட்டுக்குத் தேவையில்லாத இடத்தில் அதைக் காட்டவில்லை. எளிமையாகக் கேட்பது எளிதாக வந்துவிடாது என்பதற்கு அந்த இடைவெளிகளே சாட்சி.

1999 டிசம்பர் 17 அன்று ஒரு டிவி நிகழ்ச்சிக்காக நான்கு பாடல்களை வாசித்து முடித்ததும் மயங்கி விழுந்தார். மாரடைப்பில் இறந்தபோது வயது 56. ஐந்து நாள் முன்னாடிதான் பிறந்தநாள் முடிஞ்சிருந்தது.

மூன்று முறையும் கேட்டாச்சா? இப்ப சொல்லுங்க, இது லிஃப்ட் மியூசிக்தானா?